ஏழாவது காரின் ஸ்டியரிங்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்த மச்சான் தாமோதரனுக்கு,

இது என் கையெழுத்து. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நம்ப மாட்டாய், தெரியும். இந்த நாலு வரிக்குள் பென்சிலை இரண்டு தடவை சீவிவிட்டேன்.

சாம்பியன் ரீப்ஸ் சங்கக் கட்டடத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு எங்களுக்கு எழுத்து வகுப்பு. எல்லாரும் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர்கள். யாருக்காவது ஒரு கடிதம் எழுதிவந்து எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறாள் டீச்சரம்மா. மற்றவர்கள் பெங்களூரில் இருக்கிற மகனுக்கும் மகளுக்கும் எழுதுகிறார்கள். எனக்கு நீதான். கேட்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லுவேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன் மச்சான். உப்புப் பொட்டலம், தீப்பெட்டி, ரயில் நிலையத்துப் பலகை. வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் சத்தமாகவே படிக்கிறேன். நேற்று தீப்பெட்டியை முழுக்கப் படித்துவிட்டு, யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் தங்கை, என் வீட்டுக்காரி செல்லம்மா இறந்த மூன்றாவது வாரம் அந்தத் தகரப் பெட்டியோடு வந்தாய். துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். சுரங்கக் கம்பெனி சர்க்கார் கைக்குப் போய், வெள்ளைக்காரர்கள் பங்களாக்களைக் காலி செய்த சமயம் அது. நீ ஸ்டோரில் கிளார்க். ஊருக்குக் கிளம்பின ஒரு துரை உனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. உள்ளே ஏழு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக.

"இன்னா மச்சான் இது, கொயந்தைங்க சாமானா?" என்றேன்.

"கொயந்தைக்கு வராது இது. கீழ லெவல்ல பாறைக்கே மரம் முட்டு குடுக்கிறவன் நீ. உனக்காவது வருதான்னு பாக்கலாம்."

வந்தது. இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்து நீ தமிழில் சொல்லுவாய்: "மூணாம் துண்டை ஏழாம் துண்டோட ஒட்டணும். காயற வரைக்கும் ஆட்டக் கூடாது." நான் பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் பிசிறு தேய்த்து ஒட்டுவேன். டியூபில் இருந்த கோந்து காய்ந்துபோனதும், மிச்சத் துண்டுகளைத் தின்னரில் ஊறவைத்துக் கரைத்து அதையே கோந்தாக்கினோம். பம்பருக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம். சீட்டுக்கு உன் கிழிந்த பர்ஸின் தோல். கீழே பாறை வெடித்தால் வீடு முழுக்க ஆடும் ஊர் இது. அதனால் ஒட்டின காரைத் தவிட்டுத் தட்டில் புதைத்துத் தரையில் வைப்போம்.

எங்கே ஒரு இடுக்கு தெரிந்தாலும் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிடுவேன். "எறும்புகூட உள்ள போவாது மச்சான்" என்பாய். கடைசியில் நம்பர் பிளேட் எழுதுவது மட்டும் உன் வேலை. எனக்குத்தான் எழுத்து தெரியாதே.

இப்படி ஆறு கார்கள் செய்தோம். ஆறும் இங்கிலாந்து கார்கள். ஏழாவது, அமெரிக்காக் கார். அதில்தான் வந்தது வினை.

"ஸ்டியரிங் இடது பக்கம்" என்று படித்தாய்.

"தப்பு. சரியாப் பாரு."

"இடதுன்னுதான் போட்டிருக்கான். அமெரிக்காவுல அப்படித்தான்."

"எந்த ஊரானா இன்னா? ஆறு வண்டிக்கும் வலது. துரை ஓட்டின வண்டிக்கும் வலது. இதோ பெட்டி மேல படத்துல பாரு, வலது பக்கம்தான் இருக்குது."

"படத்துல வண்டி நம்மளப் பாத்து வருது. உள்ள ஒக்காந்து ஓட்டறவனுக்கு அது இடது."

டாஷ்போர்டில் ஒரே ஓட்டை. அதுவும் இடது பக்கம். அச்சு போட்டவன் மாற்றிப் போட்டுவிட்டான், இதை அடைத்துவிட்டு அந்தப் பக்கம் ஓட்டை போடலாம் என்றேன். நீ சிரித்துவிட்டாய். "எழுத்து என் வேலை, கை உன் வேலை. வுடு மச்சான்."

விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. "நீ படிச்சதாலயா ஆறு வண்டி நின்னுது? என் கையால நின்னுது. நீ சும்மா பேப்பரை ஆட்டிக்கினு ஒக்காந்திருந்தே" என்றேன்.

பேப்பரை மடித்தாய். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய். டீ அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. நானும் போகவில்லை. என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு எத்தனை தூரம்? இரண்டு லைன் வீடுகளைத் தாண்டினால் வந்துவிடும். மூன்றாவது மாதம் நெஞ்சு வலி என்று உன்னைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உன்னை உயிரில்லாமல் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே என்னைத் தேடினாயா மச்சான்? இதை நான் யாரிடம் கேட்க?

உன் வீட்டுக்காரி ராஜம்மா பேத்தமங்களாவில் இருக்கிற அவள் தம்பி வீட்டோடு போனபோது, "இது உங்ககிட்ட இருக்கட்டும்ண்ணே" என்று அந்தத் தகரப் பெட்டியைக் கொடுத்தாள். வாங்கிப் பரண்மேல் வைத்தேன். ஆறு வருஷம் தொடவில்லை. திறந்தால் நீ மடித்துவைத்த பேப்பர் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். இப்போதுதான் எனக்கு எழுத்து தெரியுமே.

இங்கிலீஷ் எனக்கு வராது. ஆனால் ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில் தமிழ் இருந்தது. சில இங்கிலீஷ் வார்த்தைகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாய். ஒரு வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாய். பழைய ஆறு பேப்பர்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே. அப்படியானால் நீ கடகடவென்று படித்ததெல்லாம் வாரம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து தயார் செய்துகொண்டு வந்ததா? ஒரு நாளாவது சொன்னாயா? உன்னைப் போய், சும்மா பேப்பரை ஆட்டினாய் என்றேனே.

ஏழாவது பேப்பரில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். "ஸ்டியரிங் இடது பக்கம்" என்று எழுதி, அதை அடித்திருந்தாய். கீழே இப்படி இருந்தது: "மச்சான் சொன்னபடி வலது. ஓட்டை போட்டாச்சு. பழையதை அவன் அடைச்சுக்குவான்."

டாஷ்போர்டைத் தேடி எடுத்தேன். வலது பக்கத்தில் புது ஓட்டை. உனக்குக் கைவேலை வராது. ஊசியைச் சுட்டுக் குத்தியிருக்கிறாய். கொஞ்சம் கோணல். பக்கத்தில் ஒரு சூட்டு வடு.

என்றைக்குப் போட்டாய் இதை? போட்ட பிறகு ஏன் வரவில்லை? நான் வந்து கூப்பிடட்டும் என்று இருந்தாயா? நான் ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

பெட்டி மேல் இருந்த படத்தைத் தரையில் வைத்து, அந்தக் கார் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பார்த்து நானும் உட்கார்ந்தேன். இடதுதான் மச்சான். நீ படித்ததுதான் சரி.

இந்த வாரம் முழுக்க அந்தக் காரைச் செய்தேன். ஒரு வரி சத்தமாகப் படிப்பேன், பிறகு கையால் செய்வேன். "காயற வரைக்கும் ஆட்டக் கூடாது" என்ற வரியை மட்டும் உன்னைப்போலவே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் வேறென்னவோ வந்தது.

நீ முதலில் படித்தபடியே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒட்டினேன். நம்பர் பிளேட்டில் நாலு மயிர் கட்டின குச்சியால் "தாமோ" என்று எழுதினேன். இரண்டே எழுத்து, அதற்கு ஒரு மத்தியானம் போனது. பிறகு பழக்க தோஷத்தில் பட்டியைக் குழைத்து உன் கோணல் ஓட்டைக்குக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

அதை அடைக்க மாட்டேன் மச்சான். வாழ்க்கையில் நான் அடைக்காமல் விடுகிற ஒரே ஓட்டை அதுதான். யாராவது வந்து இது என்ன குறை என்று கேட்டால், சரியாகப் படித்த ஒருத்தன் எனக்காகத் தெரிந்தே தப்பான பக்கத்தில் போட்டது என்று சொல்லுவேன். வகுப்பில் படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைத் தகரப் பெட்டியில் உன் ஏழு பேப்பர்களுக்கு மேலே வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தே வைத்திருக்கும்
உன் தங்கை புருஷன்,
முனிரத்தினம்