ஆரஞ்சு ஜாக்கெட்

அக்டோபர் 6

கோயிலில் ஆராதனை முடிந்து வந்தால் காலனிப் பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ் ஜீப். யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதானே முதலில் தோன்றும் நமக்கு? விசாரித்தால், மழைக்காலத்துக்கு முன்னெச்சரிக்கை வகுப்பாம்.

எஸ்.ஐ. பார்த்திபன் பேசினார். சின்ன வயது, எல்லோரையும் வாங்க போங்க என்கிறார். டார்ச், மாத்திரை, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் எல்லாம் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கச் சொன்னார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும். செங்கல்பட்டில் மெடிக்கல் கடையில் பில் போடுகிறவள் நான். ஒரு மாத்திரை அட்டை இடம் மாறி இருந்தாலும் கை பரபரக்கும்.

கடைசியில், தன்னார்வலராக யார் வருகிறீர்கள் என்று கேட்டார். முதலில் கை தூக்கியது வேறு யார், என் வீட்டுக்காரர்தான். வாரம் முழுக்க கம்பெனி வேன் ஓட்டுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையாவது கையைக் கீழே வைத்திருக்கக் கூடாதா? ஒரு விசிலும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் கொடுத்தார்கள். முதுகில் 'பேரிடர் மீட்புத் தன்னார்வலர்' என்று போட்டிருக்கிறது. எஸ்.ஐ. தன் கையாலேயே மாட்டிவிட்டார். "இத்த போட்டுக்கினு நில்லுங்க ஜெபக்குமார். எந்தப் போலீஸும் உங்கள இன்னா ஏதுன்னு கேக்க மாட்டான்." சொந்த நம்பரும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அக்டோபர் 9

பை தயார். அத்தையின் மாத்திரைகளையும் தனி டப்பாவில் போட்டு வைத்தேன். ஆடி மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனதிலிருந்து அத்தைக்குக் கட்டில்தான் எல்லாம். வாய் மட்டும் நன்றாக நடக்கிறது. "போலீஸு சொன்னான்னு வூட்டையே மூட்ட கட்டிட்டா பாரு, உம் பொண்டாட்டி" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

அக்டோபர் 27

ஏரி நிரம்பிக்கொண்டு வருகிறது. ஊர்த்தெருக்காரர்கள் வழக்கம்போலக் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம் அதுதான். அதை இரண்டடி உயர்த்தினால் நவரை நெல்லுக்குத் தண்ணீர் நிற்கும். அவர்கள் நிலம் கரைக்கு அந்தப் பக்கம். எங்கள் காலனி இந்தப் பக்கம், தண்ணீர் தேங்குகிற உள்வாயில். எங்களுக்குப் பட்டா கொடுத்த காலத்தில் ஏரி என்றால் நிரம்பும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. தண்ணீர் அங்கே வழியாவிட்டால் பின்வாங்கி எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பெருமழை என்றால் மூட்டையை அவர்களே எடுத்துவிடுவார்கள், அதுதான் வழக்கம். பாசன சங்கத் தலைவர் தீனதயாளன் இவரோடு படித்தவர். இவர் போய்க் கேட்டதற்கு, "மழ வந்தா நாங்க எடுக்க மாட்டமா மச்சான்?" என்றாராம்.

நவம்பர் 29

புயல். டி.வி.யில் மாமல்லபுரத்துக் கடலையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரெயின் கோட் போட்ட பையன் காற்றில் ஆடிக்கொண்டே பேசுகிறான். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டோம்.

நவம்பர் 30

கரண்ட் இல்லை. மழை விடவில்லை. மூட்டை அப்படியே இருக்கிறது. "இன்னும் தாங்கும்" என்கிறாராம் தீனதயாளன். அவர் வீட்டுக்கா தாங்கப்போகிறது?

டிசம்பர் 1

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று நடந்தது அப்படி.

விடியும்போது சமையலறைக்குள் தண்ணீர். எட்டு மணிக்கெல்லாம் அத்தை கட்டிலின் சட்டத்தைத் தொட்டுவிட்டது. நூறுக்கு அடித்தோம். வண்டிகள் எல்லாம் கடலோரம் போயிருக்கின்றன, காத்திருங்கள் என்றார்கள். அத்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் தெருவில் இடுப்பளவு ஓடுகிறது. இவர் எஸ்.ஐ. எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன், அத்தையும் கேட்டார்.

"மாமல்லபுரத்துல நிக்கிறேன் ஜெபக்குமார். அமைச்சர் வர்றாரு, பந்தோபஸ்து. அசைய முடியாது."

இவர் மூட்டையைப் பற்றிச் சொன்னார். ஊரார் எடுக்கவில்லை, நாங்கள் எடுக்கலாமா என்று கேட்டார்.

"எடுங்க. உங்ககிட்டதான் ஜாக்கெட் கீதே. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு விசிலை ஊதியபடி கிளம்பினார். பக்கத்து வீட்டுக் கருப்பண்ணனும் இன்னும் சில பேரும் பின்னாலேயே போனார்கள். அந்த ஆரஞ்சு நிறம் மழைக்குள் போவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. வந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மூட்டைகளை எடுத்துப் போட்டதும் மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்கிவிட்டது. காலனியே டீ போட்டுக் குடித்தது. கரைமேல் ஊர்த்தெருப் பையன்கள் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். "நல்லாத் தெரியட்டும்னு நின்னேன்" என்றார் இவர். பெருமை.

டிசம்பர் 2

கலங்கல் ஓரம் அரித்துக்கொண்டு போய்க் கரை உடைந்துவிட்டது. ஏரி பாதி காலி. உடைந்தது மூட்டையை எடுத்ததால் அல்ல, அத்தனை நாள் தண்ணீரைத் தேக்கியதால். எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் பெரிதாக உடைந்திருக்கும் என்று இவர் சொல்கிறார். யாரிடம் சொல்வது? தீனதயாளன் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்று, நவரை போச்சு, எல்லாம் போச்சு என்று அழுதார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

வாட்ஸப்பில் வீடியோ சுற்றுகிறது. 'ஏரியை உடைத்தவர்கள்' என்று தலைப்பு. மழையில் எல்லோரும் சாம்பல் நிறமாக இருக்கிறார்கள், யாருக்கும் முகம் இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் பளிச்சென்று தெரிகிறார். முதுகில் எழுத்து வேறு.

டிசம்பர் 4

காலையில் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஐயா கூப்பிடுகிறார், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார்கள். இவர் துவைத்து மடித்து வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். எஸ்.ஐ. நேரில் பேசினால் ஊர்க்காரர்கள் அடங்கிவிடுவார்கள் என்று சொன்னார். சர்ட்டிபிகேட் கொடுத்தால் லேமினேட் செய்துவிடலாம் என்று நான் கிண்டல் பண்ணினேன்.

இப்போது விளக்கு வைத்தாகிவிட்டது. இன்னும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

டிசம்பர் 5

விடிந்ததிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஏட்டு, "ஏரிய ஒடச்சவன் பொண்டாட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு தரம் இவர் குரல் கேட்டது. அது இவர் குரல்தான். பதினாலு வருஷமாகக் கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால என்ன பண்ண முடியும், கேட்டைப் பிடிச்சிக்கினு நின்னேன், அவ்ளோதான். கர்த்தரே, நின்னுகினே இருந்தேன்.

மதியம் எஸ்.ஐ. பார்த்திபன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஓடிப்போய், நீங்கள்தானே சார் எடுக்கச் சொன்னீர்கள், நானும் கேட்டேனே என்றேன். தரையைப் பார்த்தார்.

"பத்திரமா இருங்கன்னுதாம்மா சொன்னேன்."

சார், சார் என்று பின்னாலேயே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேலேர்ந்து பிரஷர். வீடியோல அவன் ஒருத்தன்தாம்மா தெரியறான். நான் இன்னா பண்றது?" என்றார். திட்டவில்லை, விரட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே உள்ளே போனார்.

டிசம்பர் 6

கோர்ட். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. ஜாக்கெட்டையும் விசிலையும் கைப்பற்றிய பொருள் என்று காட்டியிருக்கிறார்கள். போலீஸ் கொடுத்ததைப் போலீஸே கைப்பற்றியிருக்கிறது.

போலீஸ் அடித்தார்களா என்று நீதிபதி கேட்டார். இவர் இல்லை என்றார். இடது கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற ஏட்டு இவரைப் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வேனில் ஏறும்போது இவர் என்னைப் பார்த்து, "அம்மாக்கு மாத்திர குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டிசம்பர் 11

வக்கீல் வெங்கடேசன் நல்லவர்தான். எஸ்.ஐ. பேசியதை ரெக்கார்டு செய்தீர்களா என்று கேட்டார். இல்லை. கேட்டவர்கள் யார் என்றார். நானும் என் அத்தையும் என்றேன். "பொண்டாட்டியும் பெத்த தாயும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

எல்லாவற்றுக்கும் பை வைத்தேனே, மாத்திரைக்கு டப்பா, ஆதார் நகலுக்குப் பிளாஸ்டிக் கவர். ஒரு மனிதன் வாயால் சொன்ன சொல்லை எதில் போட்டு வைப்பது?

டிசம்பர் 25

ஸ்டார் கட்டவில்லை. கருப்பண்ணன் வீட்டில் பிரியாணி கொடுத்தார்கள். அத்தை தொடவில்லை. அங்கே இன்று என்ன போட்டிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 7

ஜாமீனில் வந்துவிட்டார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதே ஸ்டேஷன்.

இளைத்திருக்கிறார். நான் இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். சட்டென்று புரிந்தது. எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். "இன்னா?" என்று கேட்டார்.

ஜனவரி 9

இடது செவிப்பறை கிழிந்திருக்கிறது, அந்தக் காது திரும்பக் கேட்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டதற்கு, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று இவர் சொன்னார். சொட்டு மருந்தை எங்கள் கடையிலேயே வாங்கினேன். நானே பில் போட்டேன்.

ஜனவரி 20

வேன் வேலை போய்விட்டது. கேஸ் இருக்கிற டிரைவரை வைத்துக்கொள்ள மாட்டார்களாம், அதோடு காது வேறு.

மார்ச் 15

எஸ்.ஐ. பார்த்திபனுக்கு மாற்றல். போவதற்கு முன்னால் கையெழுத்துப் போடப் போனவரை நிறுத்தி, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாராம். இவர் நல்லா இருக்கிறேன் சார் என்றாராம். அதை எதற்கு என்னிடம் வந்து சொன்னார் என்று தெரியவில்லை. இரவு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

ஜூலை 22

வாய்தா.

அக்டோபர் 5

அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு, புது எஸ்.ஐ. அவரும் மரியாதையாகத்தான் பேசுகிறார். டார்ச், மாத்திரை, ஆதார் நகல். மேஜைமேல் புது ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் பிரிக்காத கவரோடு இருந்தன. தன்னார்வலர்கள் யார் என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. மறுபடியும் கேட்டார். கருப்பண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார். இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லை என்று எஸ்.ஐ. பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

இவர் வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் அத்தைக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 22

நேற்றிலிருந்து விடாத மழை. உடைந்த கரையை ஆடியிலேயே கட்டிவிட்டார்கள். கலங்கலில் மறுபடி மூட்டை ஏறியிருக்கிறது.

காலையில் தண்ணீர் வாசற்படி ஏறியது. இரண்டு பேருமாக அத்தை கட்டிலைத் தூக்கி, காலுக்குக் கீழே செங்கல் வைத்தோம். கருப்பண்ணன் குடையோடு வந்து நின்றார். "இன்னா குமாரு, போலாமா?" இவர் இன்னொரு செங்கல்லை எடுத்துவந்தார். கருப்பண்ணனும் வற்புறுத்தவில்லை. குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவரும் எங்கும் போகவில்லை, தன் வீட்டுக்குத்தான்.

தண்ணீர் உள்ளே வந்தது. அத்தை கட்டிலிலிருந்து கத்தினார்.

"டேய் குமாரு, தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினு கீதுடா. போயி அந்த மூட்டைய எடுத்துப் போடுடா."

இவர் குனிந்து செங்கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தார். அத்தை இருந்தது இடது பக்கம். இன்னும் உரக்கச் சொன்னார். இவர் திரும்பவில்லை. அவ்வளவு சத்தம் வலது காதுக்குக் கேட்காமல் இருக்காது. அத்தைக்கும் அது தெரிந்துவிட்டது. போர்வையை இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

நூறுக்கு அடிக்கலாமா என்று நானும் கேட்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பையை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். இப்போது அதில் இருப்பது மாற்று லுங்கி, காதுக்குப் போடும் சொட்டு மருந்து, வக்கீல் நம்பர், ஜாமீன் கொடுத்தவர்களின் ஆதார் நகல். போலீஸ் வந்து கூப்பிட்டால் அப்படியே கையில் கொடுத்தனுப்பலாம். டார்ச்சையும் மெழுகுவத்தியையும் எப்போது அதிலிருந்து எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.