சரசுவின் நெஞ்சுக்குப் பயப்படாத சம்பந்தியம்மாவுக்கு

என் அன்புக்குரிய சம்பந்தியம்மா,

உங்களிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் இருந்தபோது வாய்விட்டுச் சொல்லாத நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். டாக்டர் சொன்ன விஷயமெல்லாம் இதில் வரும். எனக்குப் புரிந்தபடிதான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்தி சரசுவைப் பெண் பார்க்க நீங்கள் வந்த அன்று ஊரெல்லாம் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். தெங்கேராவிலிருந்து உங்களை ஏற்றி வந்த பெச்சா ரிக்‌ஷாவில்கூட ஒரு சின்னக் கொடி ஆடியது. எங்களுக்கு அதையெல்லாம் ரசிக்கிற மனம் இல்லை. சரசுவுக்குச் சில நேரம் காரணமே இல்லாமல் நெஞ்சு தறிகெட்டு ஓடும். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றான் என் மகன். தாயில்லாத பெண், நல்ல இடம் தவறிவிடக் கூடாதே என்று நானும் சும்மா இருந்தேன்.

காப்பித் தட்டோடு வந்தாள். அவள் கழுத்து நரம்பு படபடவென்று துள்ளுவது எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டை வைத்தவள் நேரே பின்கட்டுக்கு ஓடினாள். தண்ணீர்ச் சாடியில் முகத்தை அமிழ்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது பவுடரும் இல்லை, பொட்டும் இல்லை. பட்டுச்சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்னாடி இது, பொண்ணு பார்க்க வந்தா குளிச்சிட்டு வருது! பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றார் உங்கள் நாத்தனார்.

"ஒன்னும் இல்லைங்க, வெயிலு..." என்று ஆரம்பித்தான் என் மகன்.

"வெயில் இல்லப்பா" என்றாள் சரசு. பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னாள்: "நெஞ்சு தானாவே துடிக்குமாம்மா. டாக்டர் சொன்னாரு. ஆனா ரெண்டு விதமான நரம்பு அதுக்கு வருது. ஒன்னு ஓடுன்னு விரட்டும். இன்னொன்னு கழுத்து வழியா இறங்கி வந்து மெதுவான்னு அடக்கும். என் நெஞ்சுக்குள்ள ஒரு குறுக்குவழி இருக்கு. துடிப்பு அதுல மாட்டிக்கிட்டா சுத்திச் சுத்தி ஓடுது. முகத்துல பச்சைத்தண்ணி பட்டாலோ, மூச்சைப் பிடிச்சு முக்கினாலோ அடக்குற நரம்பு முழிச்சுக்கும். துடிப்பு நின்னு நிதானமாயிடும். அப்படியும் அடங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காரு."

"இதெல்லாம் பிள்ளை பெத்துக்குமா?" என்றார் நாத்தனார்.

எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள். "அவ நெஞ்சு ஓடினா தண்ணியில அமுக்கினா நிக்குது. உன் வாய் ஓடினா எதுல அமுக்குறது?"

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மகன் குலுங்கிச் சிரித்துவிட்டார். நீங்கள் எழுந்து வந்து உங்கள் முந்தானையால் சரசுவின் முகத்தைத் துடைத்தீர்கள். "நமக்கும்தான் நெஞ்சு அடிச்சுக்குது, சம்பந்தி. நிறுத்தத் தெரியாம கெடக்கோம். இந்தப் பொண்ணுக்குத் தெரியுது" என்றீர்கள். இன்னும் தாம்பூலம்கூட மாற்றவில்லை. அதற்குள் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டீர்களே! எப்படியம்மா உங்களுக்கு அந்த மனம் வந்தது?

சரசுவின் நெஞ்சை அப்படிப் புரிந்துகொண்ட உங்களுக்கு உங்கள் நெஞ்சு மட்டும் பிடிபடாமல் போயிற்று. சரசுவின் வளைகாப்புக்கு வளையல் வாங்கி வைத்துவிட்டு, இடது கை கடுக்கிறது, தாடை வலிக்கிறது என்றீர்கள். மாவு ஆட்டிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டீர்கள். இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருமாம். அதனால் வலி எங்கே என்று மூளைக்குப் பிரிக்கத் தெரியாமல், கை வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ளுமாம். டாக்டர் இதைச் சரசுவிடம் சொன்னபோது நீங்கள் கண்ணை மூடிவிட்டிருந்தீர்கள்.

போன மாதம் உங்கள் நாத்தனாரின் கணவர் நடக்கும்போது இடது கை இழுக்கிறது என்றாராம். "தைலம் எங்கே" என்றவரை, உங்களுக்கு வந்த வலியை நினைத்துத் திட்டித் தீர்த்து, பெச்சாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உங்கள் நாத்தனார்தான். இப்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். இதுவும் நீங்கள் கொடுத்துவிட்டுப் போனதுதான்.

இனி அந்தச் சேதி. சரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சம்பந்தியம்மா! பிரசவ வலியில் நெஞ்சு மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டதாம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். "முக்கும்மா, நல்லா முக்கு" என்று நர்ஸ் சொல்ல, இவள் மூச்சைப் பிடித்து முக்க, முதலில் நெஞ்சு அடங்கியது. பின்னாலேயே பிள்ளையும் வந்தது. "ஒரே முக்குல ரெண்டு வேலையை முடிச்சிட்டேன் பாட்டி" என்று படுத்தபடியே சிரிக்கிறாள். குழந்தைக்கு உங்கள் மூக்கு. முதலில் தூக்கிக் கொஞ்சியது யார் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பெறுமா என்று கேட்டாரே, அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரசுவின் தங்கையைப் பெண் பார்க்கச் செங் ஊரிலிருந்து வருகிறார்களாம். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. தரகரிடம் நானே சொல்லிவிட்டேன். "பாட்டி, ஏன்லா இப்பவே? நல்ல இடம், ஓடிடுவாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஓடுறவங்க இப்பவே ஓடட்டும்யா. எங்க சம்பந்தியம்மா ஓடலையே" என்றேன்.

அவர்கள் வருவார்களோ மாட்டார்களோ, தெரியாது. ஆனால் இந்த வீட்டுப் பெண் எவளையும் இனி பாதி மறைத்துக் கட்டிக்கொடுக்க மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும் உங்கள் சம்பந்தி,
உங்கள் பேத்திக்குக் கொள்ளுப்பாட்டி,
காஜா பெராங், மலாக்கா.