கையை நீட்டினாத்தான்

ஏங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன். நாய்க்கு வச்சாச்சு. பாவமா பார்க்குதேன்னு மறுபடி வைக்காதீங்க.

நாய்க் காப்பகத்து அம்மா சாயங்காலம் வராங்க. தத்தெடுக்கற விண்ணப்பத்துல உங்க கையெழுத்துதான் பாக்கி. "கூப்பிட்டா வராத திமிர் புடிச்ச நாய் நமக்கெதுக்கு"ன்னு நேத்து என்கிட்ட கத்தினீங்களே, காலையில அவங்களுக்கே போன் பண்ணிக் கேட்டேன். அதுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். நம்மகிட்ட சொல்ல மறந்துட்டாங்களாம். திமிர் யாருக்குன்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணும் சொன்னாங்க. "கை குடு"ன்னு வாயால எத்தனை தடவை சொன்னாலும் அதுக்குப் புரியாதாம். யாராவது முன்னாடி கையை நீட்டினாத்தான் காலைத் தூக்கி அதுல வைக்குமாம்.

முந்தாநேத்து அது உங்க அப்பா நாற்காலி முன்னாடி, அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது. நீங்க நாய்க்குப் பின்னாடி, கதவுகிட்ட நின்னு "கை குடு"ன்னீங்க. அது காலைத் தூக்கினதும், "பாத்தியா, என் பேச்சைக் கேட்குது"ன்னு சிரிச்சீங்க. மாமா செத்ததுக்கப்புறம் நீங்க சிரிச்சது அன்னிக்குத்தான். அதனால நானும் சேர்ந்து சிரிச்சேன்.

தூக்கின கால் ரொம்ப நேரம் இறங்கவே இல்லையே, கவனிச்சீங்களா?

சாவி பக்கத்து வீட்ல இருக்கு.

மாமா ரூம் கதவைச் சாத்தப் பார்த்தேன். நாற்காலியை விட்டு அது நகரல. திறந்தே கிடக்கட்டும்.

விண்ணப்பத்துல "வீட்டில் எத்தனை பேர்"ங்கற இடத்தை மட்டும் நான் நிரப்பல. நீங்க எழுதுங்க.