அம்மனிடம் கேட்ட ஊர்

அத்தை,

இன்று காலை தகரப் பெட்டியைக் காலி செய்தபோது, என் கல்யாணச் சேலையின் மடிப்புக்குள்ளிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்கள் விழுந்தன. பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து நூல் சுற்றிய பொட்டலங்கள். உள்ளே இருந்தது பொடியாகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன், கசப்பு வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேப்பிலைதான். உங்கள் கையால் நீங்கள் மடித்தது.

வீட்டை விட்டுப் போகிறோம் அத்தை. மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று தோட்ட ஆபீசிலிருந்து கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மகனுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. களைக்கு மருந்தடிக்கும் வேலைக்கு இனி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையாட்கள் பெயர் எழுதும் செக்ரோலில் பெயர் இல்லாதவனுக்குத் தோட்டத்து லயத்தில் வீடு இல்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இந்த ஒன்றுக்குப் பயந்துதானே அத்தனையும் செய்தீர்கள்!

நான் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போவது என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே கிடையாது. எந்த ஊருக்கு என்பதில்தான் சண்டை. பினாங்கில் ரேடியோவுக்கும் டிவிக்கும் சாமான் செய்யும் தொழிற்சாலைகள் திறந்து, வயசுப் பெண்களை பஸ் வைத்து அழைத்துக்கொண்டிருந்த காலம். என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி தீபாவளிக்கு வந்திருந்தாள். பிரிஞ்சாங் கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை, அவள் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை சுத்தம். என் நகங்களில் கொழுந்துக் கறை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், போனால் பினாங்குதான் என்று.

உங்கள் மகனுக்கோ கோலாலம்பூர். அங்கே அவருடைய கூட்டாளி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வந்தால் மறுநாளே வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தான். பொண்டாட்டி சம்பாதிக்கும் ஊருக்கு அவள் பின்னால் போகிறவனா நான் என்று இவருக்கு ரோஷம். அவர் வராவிட்டால் போகட்டும், நான் போகிறேன் என்று எனக்கு வாய். மூன்று மாதம் இதே பாட்டு. நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டீர்கள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீட்டில் கூத்தாடி யார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நாள் நீங்களே வந்து சொன்னீர்கள்: "ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சிக்கிறீங்க? ஆத்தாகிட்ட பூ கேட்டுப் பாத்துருவோம்."

நம் தோட்டத்தில் பெண் எடுப்பது முதல் ஆபரேஷன் செய்துகொள்வது வரைக்கும் மாரியம்மன் காலடியில் பூ வைத்துக் கேட்காமல் யாரும் நகர்ந்ததில்லை. அதனால் எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிவப்புப் பூ வந்தால் பினாங்கு, வெள்ளைப் பூ வந்தால் கோலாலம்பூர். இரண்டு பொட்டலம் போதும் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "போவவே வேணாம்னு ஆத்தா நெனச்சா? அதச் சொல்ல அவளுக்கு ஒரு பொட்டலம் வேணாமா தாயி?" என்றீர்கள். அதற்கு வேப்பிலை என்றும் நீங்களே சொன்னீர்கள். நாங்களும் சரி என்றோம். சாமி விஷயம்.

இந்த மலைக் குளிரில் வேம்பு வளராது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ்ஸில்தான் மேலே வர வேண்டும். நீங்கள் முந்தின நாளே சொல்லிவைத்து ஒரு கட்டு வரவழைத்திருந்தீர்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு கட்டு எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். அன்று அடைமழை, கோயிலில் ஒரு பிள்ளையும் இல்லை. அவரே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தார். வேப்பிலை. நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். அவர் விழுந்து கும்பிட்டு எழுந்து, "சரி, ஆத்தா சொல்லிட்டா" என்றார். அவ்வளவுதான். இரண்டு ஊரும் அங்கேயே முடிந்துபோயின.

நீங்கள் இருவரும் முன்னால் இறங்கிப் போனீர்கள். மிச்ச இரண்டு பொட்டலத்தையும் ஆற்றில் விடச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். என்ன தைரியம் உங்களுக்கு! பாலத்தில் நின்று பிரித்துப் பார்த்தேன். பினாங்கு எந்தப் பொட்டலத்தில் இருந்தது, எவ்வளவு பக்கத்தில் வந்து தப்பியது என்று பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. ஒன்றில் வேப்பிலை. இன்னொன்றிலும் வேப்பிலை.

அப்போது மாமா செத்துப்போயிருந்தார். உங்களுக்கு முழங்கால் போய், செக்ரோலில் பெயர் வெட்டியாகிவிட்டது. மகன் பெயரில்தான் அந்த வீடு நின்றது. அவர் போனால் ஒரே மாதத்தில் நீங்கள் தெருவில். எங்களோடு வருவதற்கும் உங்களுக்குத் தைரியமில்லை. எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. அது பொய். நடந்ததை இங்கேயாவது எழுதுகிறேன். நான் சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் தலைக்கேறியிருக்கும். அந்தக் கோபத்தில் கிளம்பியிருப்பார், கிளம்பினால் கோலாலம்பூருக்குத்தான். அவர் ஜெயித்து நான் தோற்பதைவிட ரெண்டு பேரும் தோற்கட்டும் என்று நினைத்தேன். இருபது வயது வீம்பு. பொட்டலங்களை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நீங்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நீங்கள் இருந்தீர்கள். மாலையில் அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அந்தக் களைக்கொல்லி நாற்றம் என் கையில் ஏறும். மனசுக்குள் உங்களைத் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் உங்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அவனுக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள், நல்ல மருமகள் என்பதுபோல. மன்னிப்பு கேட்பீர்கள் என்று அதுவரை காத்திருந்தவள் நான். அந்தத் தட்டு என்னை எரித்தது அத்தை. இன்னும் எரிகிறது.

மத்தியானம் மூட்டையெல்லாம் கட்டி முடித்த பிறகு உங்கள் மகன் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எந்த ஊருக்குப் போவது என்று பேச்சு வந்தது. ஆத்தாளிடம் இன்னொரு தடவை கேட்டுவிடலாமா என்றார். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டதால்தானே இத்தனை வருஷம் தலைக்கு மேல் கூரை இருந்தது என்றார்.

"யாரையும் கேக்க வேணாம். பினாங்குக்குப் போலாம்," என்றேன்.

இந்த வயதில் அந்தத் தொழிற்சாலைகளில் என்னைக் கூட்டிப் பெருக்கத்தான் எடுப்பார்கள். தெரிந்துதான் சொன்னேன். அவர் சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரித்தார்.

"சரி லா. ஒனக்கு அந்த ஊருதானே புடிக்கும். பூ கேக்கறதுக்கு முந்தின ராத்திரி பூரா யோசிச்சேன். கோயிலுக்குப் போற வழியில நீ ஒரு வாட்டி, வாங்கன்னு கூப்புட்டிருந்தா, பூவும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஒங்கூட வந்திருப்பேன். நீதான் மொகத்தத் திருப்பிக்கிட்டே நடந்தே."

உங்களைத் திட்டித் தீர்க்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், அத்தை. பாதிக்கு மேல் திட்டியும்விட்டேன். மிச்சத்துக்கு இனி உங்களிடம் வர முடியாது, அது எனக்குச் சேர வேண்டியது. அன்று கோயிலுக்குப் போன வழி முழுக்க அவர் எனக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். நான் கூப்பிடவில்லை.