ஜூடித் நீட்டிய சட்டி

குன்னூர்,
வியாழன் மாலை.

அன்புள்ள ஜெபிஷாவுக்கு,

போன வாரம் ஜூடித்தின் கடையில் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தச் சட்டியிலிருந்து எனக்கு எந்த வாடையும் வரவில்லை. நல்ல வாடையும் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. ஆகஸ்டில் காய்ச்சல் வந்து படுத்தேனே, அதிலிருந்து எனக்கு எதுவுமே மணப்பதில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் எல்லாம் நாக்கில் தெரிகின்றன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊட்டியில் ஒரு டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டினேன். ஒரு வருஷத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்.

இதைச் சொல்ல மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் மழை பெய்கிறதா, அம்மா சுகமா என்று பேசிவிட்டு வைத்தேன். அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை தாண்டித்தான் பெங்களூர் வந்து சேரும். அப்படியே தாமதமாகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஞாயிறு உன் சேனலில் நம் சாப்பாட்டு வீடியோ வருவதற்கு முன் படித்துவிடு.

பெங்களூரில் உன்னோடு இருந்த அந்த மூன்று நாளும் என்னை நீ எவ்வளவு கொண்டாடினாய்! எத்தியோப்பியா மாணவர்கள் வரும் அந்த மாடிக் கடையில், கம்பளி போல மெத்தென்றிருந்த புளித்த தோசையை நான் பிய்த்துப் பிய்த்துத் தின்றதைப் படம் பிடித்தாய். திபெத்துக்காரர் கொடுத்த உப்புப்போட்ட வெண்ணெய்த் தேநீரை நீ ஒரு வாயோடு வைத்துவிட்டாய், நான் இரண்டு கோப்பை குடித்தேன். கொரியக் கடையில் புளித்த முட்டைக்கோஸ் ஜாடியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே போனார். டுரியன் பழத்தை வெட்டியபோது நீ துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். அங்கிருந்தே, “ஏண்டி, நீ மனுஷிதானா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய ஊட்டுப் படி ஏத்த மாட்டாங்கடி!” என்று கத்தினாய்.

எனக்கு அது குளிர்ந்த இனிப்பு மாவு, அவ்வளவுதான். துணிச்சல் என்று நீ நினைத்தாய். நான் தேடிக்கொண்டிருந்தேன், ஜெபி. இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை தேசத்துச் சாப்பாட்டில், ஏதாவது ஒன்று என் மூக்கைத் திறந்துவிடாதா என்று. அதனால்தான் நாறும் பொருளாகத் தேடித் தேடி உன்னை இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஜூடித்தின் நாகா சாப்பாட்டுக் கடைக்குப் போகலாம் என்று சொன்னதும் நான்தான். நாகாலாந்தில் சோயா மொச்சையை இலையில் கட்டிப் புளிக்கவைத்து, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுப் பக்குவம் செய்வார்கள், அந்த வாடை நாலு வீதி தாண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன்.

அங்கே நான் ஒரு வாய் வைத்ததும் நீ போனை நீட்டி, “டீ டேஸ்டர் மேடம், சொல்லுங்க, எப்படி?” என்றாய். அதற்கு முன் நாலு கடையிலும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருந்தேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நாற்பது கோப்பைத் தேநீரை வரிசையாக வைத்து, உறிஞ்சி, துப்பிக்கொண்டே போவோம். எல்லாம் நன்று என்று எழுதும் டேஸ்டரை ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரு கோப்பையையாவது தள்ளி வைக்க வேண்டும். அந்தப் புத்தி அங்கேயும் வேலை செய்தது. ஐந்தாவதும் நன்று என்றால் நீ சந்தேகப்படுவாய் என்று பயந்தேன். “கெட்டுப்போன வாடை வருது, ரெண்டு நாள் பழசு” என்றேன்.

நீ அதை ஜூடித்துக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சட்டியையே துணியால் பிடித்துத் தூக்கி வந்து, காலை ஐந்து மணிக்குச் சமைத்தது, இன்னொரு தடவை முகர்ந்து பாருங்கள் என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆவி கண்ணில் பட்டது. நான் நன்றாக மூச்சை இழுத்தேன். வெந்நீர் ஆவி போல வெறுமையாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. “ஆமா, பழசுதான்” என்றேன். அவர் சட்டியை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். நாம் கிளம்பும்வரை வெளியே வரவேயில்லை.

படியிறங்கும்போது நீதான் சொன்னாய், மேல்வீட்டுக்காரர்கள் வாடை வாடை என்று புகார் செய்கிறார்களாம், காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர் ஒரு சாக்குக்குக் காத்திருக்கிறாராம் என்று. “பாவந்தான்டி. ஆனா பாக்கறவங்க என்னைய நம்பறாங்கல்ல? உன் மூக்கு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்” என்றாய். அதைக் கேட்டபிறகும் உண்மையைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

நேற்று நீ போட்ட முன்னோட்டத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி. அதில் பத்து வினாடி ஜூடித்தின் கடை வாசலும், அந்தச் சட்டியும், “பழசுதான்” என்று சொல்லும் என் முகமும். அதை அந்த வீட்டுக்காரர் பார்த்திருக்கக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

உன் அண்ணன் சில்வஸ்டர் சாருக்கும் அதை அனுப்பியிருக்கிறாய். இன்று காலை அவர் அதை டேஸ்டிங் ரூமில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். “பாத்தீங்களா, எங்க சுவாதி மூக்கு பெங்களூர் வரைக்கும் பேர் வாங்கிருச்சு” என்று ஒரே சிரிப்பு. பிறகு கோப்பைகளுக்கு முன் உட்கார்ந்தோம். இங்கே இளையவர்தான் முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பெரியவர் சொன்னதைக் கேட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நிறமும் துவர்ப்பும் எனக்குத் தெரிகின்றன, அதை வைத்து மூன்று மாதமாக ஓட்டுகிறேன். மீதிக்குப் பங்கஜம் அக்கா இருக்கிறார். வெந்நீர் ஊற்றுபவர். எந்தக் கோப்பையில் கோளாறோ அங்கே அவருடைய மூக்கு சுருங்கும். பதினேழாவது கோப்பையில் சுருங்கியது. “புகை பிடிச்சிருக்கு” என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். சார் குடித்துப் பார்த்துவிட்டுச் சரிதான் என்று மேசையைத் தட்டினார்.

கோப்பை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: “அம்மணி, நீங்க கோப்பையப் பாக்கறதே இல்லீங்க. என்ற மூஞ்சியத்தான் பாக்கறீங்க. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. ஆனா திங்கக்கெழம நான் லீவுங்க, மக ஊட்டுக்குப் போறனுங்க.”

அவர் அப்படிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நல்லவள் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஞாயிறு வீடியோவிலிருந்து ஜூடித்தின் கடையை எடுத்துவிடு. முன்னோட்டத்தை இப்போதே அழித்துவிடு. முடிந்தால் என் பெயரைச் சொல்லி, நான் சொன்னது பொய் என்று போடு. இந்த டேஸ்டர் வேலையை உன் அண்ணனிடம் சொல்லி எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ. அவரிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், திங்களன்று நானே சொல்கிறேன். என்மேல் கோபப்படு, பேசாமலும் இரு, ஆனால் முதலில் அந்தக் கடைக்கு ஒரு நடை போய் வா. அவர் கையால் ஒரு வாய் நீ சாப்பிட்டுப் பார். எப்படி மணந்தது என்று எனக்கு எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குச் சளி பிடித்தால் அலட்சியமாக விட்டுவிடாதே.

என்றும் உன்,
சுவாதி

(கடிதத்தை நோட்டில் நகல் எடுத்து வைத்திருந்தேன். கீழே உள்ளது பிறகு எழுதியது.)

வியாழக்கிழமை எழுதிய கடிதத்தைச் சனிக்கிழமை மத்தியானம்தான் அனுப்பினேன். ஜெபிஷா ஒரு மணி நேரத்தில் முன்னோட்டத்தை அழித்தாள். ஞாயிறு வீடியோவில் ஜூடித்தின் கடை இல்லை. திங்களன்று சில்வஸ்டர் சாரிடம் சொன்னேன், இப்போது சாம்பிள் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் அந்த முன்னோட்டத்தை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டார். முப்பதாம் தேதி ஜூடித் கடையைக் காலி செய்தார்.