கிளெஃபுக்குக் கீழே ஒரு சின்ன எட்டு

வெள்ளிக்கிழமை.

அலுத்துப்போனேன். தங்கச்சி மகள் சாந்தி ஞாயிறு ஆராதனையில் முதன்முதலாகப் பாடகர் குழுவை நடத்துகிறாள். ஆண்களுக்கான இசைத்தாளை நான்தான் கணினியில் செய்தேன். ஒலிக்கவிட்டால் பெண்குரலாய்க் கீச்சிட்டது. எல்லாச் சுரங்களையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன். பிறகு, இன்னொரு ஸ்தாயி இறக்கிப் பாடச் சொல்லும் சின்ன எட்டையும், வரியின் தொடக்கத்தில் வரும் சுருள் குறியான கிளெஃபுக்குக் கீழே போட்டுத் தொலைத்தேன்.

இன்றைய ஒத்திகையில் ஆண்கள் பாதாளத்திலிருந்து உறுமினார்கள். ஹந்தானை மலையே ஓரடி நகர்ந்திருக்கும்.

“ஏம்மா, இது பாட்டா, லொறி மேடு ஏறுற சத்தமா?” என்றான் தெல்தோட்டை செல்வம். எல்லோரும் சிரித்தார்கள்.

“என் பிழைதாங்க அண்ணே, திருத்திக் கொண்டு வர்றேன்” என்றாள் சாந்தி. என் பக்கம் திரும்பவே இல்லை.

கண்டி இராச்சியத்தின் இசைச் சக்கரவர்த்தி, வேறு யார், நான்தான், பின்வரிசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சுரங்களை மேலே ஏற்றிவிட்டேன். செல்வத்துக்கு இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.