அணைக்க மறந்த மைக்

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சின்னவளும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள் என்று முதலாளி அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷமாக இல்லாத அக்கறை இப்போது எதற்கு என்று நான் கேட்டேன், உட்காருவதற்கு என்று அம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவனுக்குச் சந்தேகம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது, என்ன செய்வது. போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. வீடியோவில் நான் வாயைத் திறந்தால் சின்னவள் எங்கிருந்தாவது வந்து நின்று என் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுகிறாள். இது அவளைப் பற்றியது. நீ வாங்கி அனுப்பினாயே, டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக், அதைப் பற்றியதும்கூட.

மைக் வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் எந்த மூலையில் நின்று பேசினாலும் குரல் நேராகத் தன் காது மெஷினுக்குள் வந்து விழுகிறது, பின்பெஞ்சு இரைச்சல்கூடத் தொந்தரவாக இல்லை என்று சின்னவள் தலைகால் புரியாமல் திரிந்தாள். போன மாதம் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் பையை மூலையில் வீசினாள், சாப்பிட மாட்டேன் என்றாள், மறுநாள் வயிற்றுவலி என்றாள், அதற்கும் மறுநாள் பள்ளியே வேண்டாம் என்றாள். நான் முதலில் அவளுக்குப் பக்கத்து இடத்துப் பையனைச் சந்தேகப்பட்டேன். நிலையாக ஓரிடத்தில் உட்காராத பிள்ளை அவன், வகுப்பில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறகு வேன் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். பிறகு, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று உன் அம்மாவையும் ஒரு பாட்டம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் மாடியில் துணி எடுக்கும்போது அம்மாவிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் தன்னைப் பள்ளியை விட்டு அனுப்பப் போகிறாராம். யார் சொன்னது என்றால், டீச்சரே சொன்னாராம், ஹெச்எம்மிடம். ஓவியப் பாடத்தின்போது இவள் வகுப்பில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், டீச்சர் பக்கத்து அறையில் ஹெச்எம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் மைக் அப்படியே இருக்கிறது, அணைக்க மறந்துவிட்டார். ஹெச்எம் பேசியது சரியாக விழவில்லை. டீச்சர் சொன்னது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதைச் சின்னவள் வரி பிசகாமல் சொன்னாள்: “ஆமா சார், எனக்கும் முடியல. அந்தப் பிள்ளையால மத்தவங்க படிப்பும் கெடுது. வருஷக் கடைசில வேற இடம் பாத்துக்கச் சொல்லிடலாம். இப்பவே வீட்டுல சொல்ல வேணாம்.”

நான் உடனே நம்பவில்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, அதைத் தாண்டி எப்படிக் கேட்கும் என்று மெஷினையே சந்தேகப்பட்டேன். மறுநாள் டீச்சரிடம் சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லி மைக்கை வாங்கி வந்து, நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே மீட்டர் பெட்டி வரைக்கும் போய், என்ன பேசுவது என்று தெரியாமல் உன் மாமா போன தடவை வந்து ஒரு வாரம் தங்கியதைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லி வைத்தேன். நான் படியேறி மேலே வருவதற்குள் சின்னவள் அத்தனையையும் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம். ஆனால் குழந்தை பொய் சொல்லவில்லை என்பது உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. முதல் வரிசையில் இருந்தவளை ஏன் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார்கள்? காது டாக்டர் கொடுத்த சான்றிதழின் நகலை எதற்காகக் கேட்டு வாங்கினார்கள்? கேட்டில் பார்க்கும்போதெல்லாம் டீச்சர் ஏன் அப்படிச் சிரிக்கிறார்? ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்த்ததில் எனக்கு அது பெரிய சதியாகவே தெரிந்தது. அம்மா, நேரே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று நான் வேறு வழி பார்த்தேன். அந்தப் பள்ளி என் லைனில் வராது. அந்த லைன்காரரிடம் கெஞ்சி ஒருநாள் மாற்றிக்கொண்டு, பள்ளிக்கு ரீடிங் எடுக்க நானே போனேன். அம்மா எப்படியோ சமாதானம் சொல்லி அன்றைக்குச் சின்னவளையும் பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். மீட்டர் நல்லவேளையாகச் சின்னவள் வகுப்புக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அரை நிமிஷ வேலையை இழுத்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் கிளார்க் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, மீட்டர் ஓடுகிறதா, இல்லை நான்தான் தள்ளிவிடுகிறேனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அங்கே நான் பார்த்ததை உனக்கு உள்ளபடியே சொல்கிறேன். காலில் இரும்புப் பட்டை போட்ட ஒரு பெண்ணைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள், ஊன்றுகோலைச் சாத்திவைக்கச் சுவரில் ஒரு கொக்கி. பார்வை மங்கலான ஒரு பையனுக்குச் சாய்வுப் பலகையும் பெரிய எழுத்தில் அச்சடித்த தாளும். டீச்சர் போர்டில் எழுதும்போது பேசவில்லை, எழுதி முடித்துத் திரும்பி, பிள்ளைகளைப் பார்த்துத்தான் பேசினார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. சின்னவளை ஏன் அந்த இடத்துக்கு மாற்றினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது, அங்கிருந்து பார்த்தால்தான் டீச்சரின் உதடு தெளிவாகத் தெரியும். இத்தனை செய்கிறவர் எதற்காக அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு இறங்கியது. இதெல்லாம் வெளிப்பூச்சோ என்று இன்னொரு பக்கம் இறங்க மறுத்தது. அந்த நேரத்தில் பம்பரம் எழுந்து நடந்தான், யாருடைய தண்ணீர் பாட்டிலோ சரிந்து மூன்று பேர் நோட்டு நனைந்தது, வகுப்பு முழுக்க ஓவென்று கத்தியது, டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சின்னவளைத் திரும்பிப் பார்த்தேன். அந்த இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலமே கேட்டில் டீச்சரை நிறுத்திக் கேட்டுவிட்டேன். முதலில் அவர் கை கழுத்துக்குத்தான் போனது. பிறகு மெதுவாக, உங்கள் பெண்ணைச் சொல்லவில்லை, அவளை அனுப்புகிற பேச்சே கிடையாது, சான்றிதழ் வாங்கியது பரீட்சையில் கூடுதல் நேரம் வாங்கித் தருவதற்கு என்றார். பிறகு யாரைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்தது. பொய் சொல்கிறாரோ என்று வழி நெடுக யோசித்தேன். கண்ணைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன், அம்மாவுக்கு உயிர் வந்தது, எனக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அன்றைக்கு மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்போது சின்னவள், அப்படியானால் யாரை அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் விடவில்லை, பம்பரத்தையா என்றாள். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எந்தப் பக்கம், எந்த வரி என்று விரலால் தட்டிக் காட்டுவது அவன்தானாம். நான் முதன்முதலில் சந்தேகப்பட்ட பையன். அது அவர்கள் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “என்னைன்னதும் போய்க் கேட்டீங்கல்ல. அவன்னா கேக்க மாட்டீங்களா?”

இரண்டு நாள் நான் அசையவில்லை, உண்மையைத்தான் எழுதுகிறேன். மூக்கை நுழைத்தால் ஹெச்எம் நம் பக்கம் திரும்புவார், மைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நம் குழந்தை கதி என்ன என்று பயம். அம்மாதான் கடையிலிருந்து வந்த கையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல், கிளம்புங்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பம்பரத்தின் அம்மா தையல்காரி. ஒற்றை அறைக் கடை, நாலு பக்கமும் திரைச்சீலைத் துணி குவிந்து கிடந்தது, நாங்கள் பேசப் பேச அந்த அம்மா மிஷினை நிறுத்தவே இல்லை. நான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் நூலை வெட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “புகார் குடுத்தது நீங்கதானா?” என்று கேட்டார். அவன் மேல் சில பெற்றோர் ஏற்கெனவே புகார் சொல்லியிருக்கிறார்களாம். இல்லை, இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பார்வை மாறவில்லை. ஊரையே சந்தேகத்தோடு பார்க்கிறவன் நான், என்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாதான் பேசினாள். வருஷக் கடைசியில் சொன்னால் வேறெந்தப் பள்ளியிலும் இடம் இருக்காது, அதனால்தான் இப்போதே வந்தோம் என்றாள். அதற்கு அந்த அம்மா, போன பள்ளியிலும் இப்படித்தான், அதற்கு முந்தைய பள்ளியிலும் இப்படித்தான் என்று மட்டும் சொன்னார். அழவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டார்.

மறுநாள் நானும் அம்மாவும் தையல்காரியும் ஹெச்எம் அறையில் போய் உட்கார்ந்தோம். நான் பயந்த மாதிரியேதான் ஆனது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தெரிந்ததும் மேசையைத் தட்டி, இது ஒட்டுக்கேட்கிற வேலை, நாளையிலிருந்து அந்தக் கருவி பள்ளிக்குள் வரக்கூடாது என்றார். ஏன் வந்தோம் என்றுகூட நினைத்துவிட்டேன். அப்போது கதவோரம் நின்றிருந்த டீச்சர் பேசினார். “மைக்க அணைக்காதது என் தப்பு சார், அந்தப் பொண்ணுக்கு அது வேணும். முடியலன்னு நான் சொன்னது நிஜம்தான், இப்பவும் முடியலதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொண்ணு வேணும், நான் ஒருத்திதான் இருக்கேன். ஆனா இவங்ககிட்ட கேக்காம இவங்க பிள்ளைய அனுப்ப முடிவு பண்ணினோமே, அது தப்பு சார்.” ஹெச்எம் அப்போதைக்கு மைக்கைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை.

அதற்குப் பிறகு டீச்சரும் தையல்காரியும்தான் பேசினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் வீட்டில் நின்றுகொண்டுதான் எழுதுவானாம், உட்காரச் சொன்னால்தான் வம்பு. முழுப் பக்கத்தையும் காட்டினால் மிரளுவான், பாதியை மூடி வைத்தால் முடித்துவிடுவான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் ஒருதரம் காதோடு சொல்லிவிட்டால் கத்த மாட்டான். டீச்சர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். தையல்காரி, கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன், சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டீர்களோ என்று பயந்திருப்பேன் என்றார். கடைசியில், பின்வரிசைச் சுவரோரம் ஓர் உயரமான மேசை போடுவது, பல பள்ளிகளுக்குப் போய்வருகிற சிறப்பு ஆசிரியையை வாரம் ஒருநாள் இந்த வகுப்புக்கும் வரச் சொல்வது, வருஷக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுப்பது என்று ஆனது. முழுசாக வென்றுவிட்டோம் என்று நினைக்காதே. ஹெச்எம் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் சொன்னார், மீட்டரில் கைவைத்த வீட்டுக்காரர்கள் அபராதம் கட்டச் சொன்னால் என்னிடம் சொல்கிற அதே பார்க்கலாம். மேசை வந்துவிட்டது. அந்த ஆசிரியை ஒருதரம் வந்தார், அடுத்த வாரம் வரவில்லை. போன புதன்கிழமை பம்பரம் ஒரு பையனைக் கடித்துவிட்டு வராந்தாவில் நின்றானாம். ஆனால் நின்றபடியே கணக்கு போடுகிறான், சின்னவளும் வயிற்றுவலி இல்லாமல் பள்ளிக்குப் போகிறாள்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றைச் சின்னவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நாங்கள் கிளம்பும்போது ஹெச்எம் என்னைப் பார்த்து, அடுத்த வருஷம் வகுப்பு மாடிக்குப் போகிறது, வேறு டீச்சர், பெரிய பிள்ளைகள், மைக் எல்லாம் அவருக்கு ஒத்துவருமா தெரியாது, உங்கள் பெண் விஷயத்தையும் அப்போது பார்க்கலாம் என்றார். நான் சந்தேகப்பட்டது எல்லாம் வீண் இல்லை பார்த்தாயா. அப்போது, அதுவரைக்கும் எங்களை நம்பாமல் மூன்றடி தள்ளியே நின்ற தையல்காரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கும் சொல்லி அனுப்புங்க சார். இவங்க கூட நானும் வந்து உக்காருவேன்.” அம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கித் தெருமுனை வரும் வரைக்கும் விடவில்லை.

வேறென்ன எழுத. எந்த வேலை எடுத்தாலும் அது உனக்குக் கைகூடி வரட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நீ நிறைய நாள் நன்றாக இரு என்று நானும் அம்மாவும் மனசாரச் சொல்கிறோம். அறைக்கு வாடகை கொடுக்கிறாயே, கரண்ட் பில் தனியா, சேர்த்தா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, மீட்டரை உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். சின்னவளோடு பேசும்போது வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து பேசு, போன தடவை முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்ததால் அவளுக்கு நீ சொன்னதில் பாதி புரியவில்லையாம், சொல்ல வேண்டாம் என்றாள்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அப்பா